காண்டன் துறையில் 'பிசினஸ்': சீனர் கற்ற ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் தென்சீனக் காண்டன் துறைமுகத்தில் அயலாரோடு வணிகம் புரிந்த சீனர்கள் பள்ளியும் ஆசிரியரும் இன்றி ஆங்கிலம் கற்றனர். அவர்கள் கற்ற சொற்களுள் 'பிசினஸ்' என்பது ஒலியால் திரிந்து, பொருளால் விரிந்து, 'பிட்ஜின்' என நிலைபெற்றுப் பின்னர் அவர்கள் பேசிய கலப்பு மொழிக்கே பெயராயிற்று. இம்மாற்றம் கற்போரின் பிழையால் நேர்ந்ததா, தாய்மொழியின் பொருட்புலத்தைத் தழுவி எழுந்த ஒழுங்கான ஆக்கமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதே துறைமுகத்தில் ஆங்கிலச் சொற்களாகவே அறியப்பட்ட 'காஷ்', 'கூலி', 'கோடவுன்' ஆகியவற்றின் தமிழ்த் தொடர்பும் உரிய இடத்தில் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: காண்டன் வணிகம், பிட்ஜின், சீன ஆங்கிலம், சொற்பொருள் மாற்றம், காசு, கூலி, தாங் திங்ஷு

முன்னுரை

ஒரு மொழியைக் கற்பவர் அம்மொழியின் சொல்லைப் பெறும்போது அதன் பொருளை முழுமையாகப் பெறுவதில்லை. தம் மொழியில் அதற்கு ஈடாக எச்சொல் நிற்கிறதோ, அச்சொல்லின் எல்லையையே புதிய சொல்லுக்கும் வகுத்துக்கொள்கிறார். மொழி பயிற்றுவோர் இதனைப் பிழை என்பர். மொழி வரலாற்றை ஆராய்வோர்க்கு இதுவே முதன்மைச் சான்று. சீனர் ஆங்கிலம் கற்ற வரலாற்றில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'பிசினஸ்' என்னும் சொல். இன்று மொழியியலாளர் உலகெங்கும் உள்ள கலப்பு வணிக மொழிகளைக் குறிக்கப் பயன்படுத்தும் 'பிட்ஜின்' என்னும் கலைச்சொல், காண்டன் வணிகரின் வாயில் அச்சொல் பெற்ற வடிவமே என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்தாகும்.

மாற்று விளக்கங்களும் உண்டு. தொழில் என்னும் பொருளுடைய 'ஒகுபசாவ்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததென்றும், பணம் கொடுத்தல் என்னும் பொருள்தரும் காண்டனியத் தொடரிலிருந்து வந்ததென்றும் சிலர் கூறியுள்ளனர். ஆயினும் பிலிப் பேக்கரும் பீட்டர் மூல்ஹாஸ்லரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் பழைய பயணக் குறிப்புகளிலுள்ள வடிவங்களைக் கால வரிசையில் தொகுத்துக் காட்டிய பின்னர், 'பிசினஸ்' என்னும் மூலத்தை மறுப்பது எளிதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளிலேயே இச்சொல் 'தொழில், காரியம்' என்ற பொருளில் அயலாரின் எழுத்துகளில் இடம்பெறுகிறது. மொழியின் பெயராக அது ஆளப்படுவது அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். சொல் முந்தியது, மொழிப்பெயர் பிந்தியது என்ற இவ்வரிசை கருதத்தக்கது.

கற்பித்தல் குற்றமாயிருந்த துறைமுகம்

1757இல் சியென்லுங் பேரரசர் மேலைநாட்டாரின் கடல்வணிகத்தைக் காண்டன் என்னும் ஒரே துறைமுகத்திற்குள் அடக்கினார். 1842இல் நான்கிங் உடன்படிக்கை ஏற்படும் வரை இம்முறை நீடித்தது. அயல் வணிகர் ஆற்றங்கரையிலிருந்த தொழிற்கூடங்கள் எனப்பட்ட கட்டடங்களில் மட்டுமே தங்கலாம். அதுவும் வணிகப் பருவத்தில் மட்டும். பருவம் முடிந்ததும் மக்காவுக்குச் சென்றுவிட வேண்டும். மனைவியரை அழைத்து வருதல் கூடாது. வாங்கலும் விற்றலும் அரசின் உரிமம் பெற்ற ஹாங் வணிகர் வழியாகவே நடைபெறும்.

மொழி பற்றிய கட்டுப்பாடு இவற்றினும் கடுமையானது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியில் சீன மொழியறிந்திருந்த ஜேம்ஸ் ஃபிளின்ட் என்பவர் 1759இல் வடக்கே தியன்ஜின் வரை கப்பலேறிச் சென்று, காண்டன் அதிகாரிகள் மீதான முறையீட்டைப் பேரரசரிடம் சேர்ப்பித்தார். அதன் விளைவாக அவர் மக்காவில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் காவலில் வைக்கப்பட்டார். அம்முறையீட்டை எழுதத் துணைநின்ற சீனர் தலையிழந்தார். இதன்பின் ஆளுநர் லி ஷியாவ் வகுத்த விதிகள் அயலாரோடு சீனர் கொள்ளும் தொடர்பை மேலும் குறுக்கின. அயலார்க்குச் சீனம் கற்பிப்பது உயிருக்கு இடர் தரும் செயலாயிற்று.

ஆகவே வணிகம் நடக்க வேண்டுமானால் சீனரே அயலார் மொழியைக் கற்க வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. ஆனால் அதற்கும் பள்ளியில்லை. மொழிபெயர்ப்பாளர் என உரிமம் பெற்றிருந்த 'துங்ஷி' எனப்படுவோர் உண்மையில் சுங்க ஆவணங்களைக் கவனித்த இடைநிலை அலுவலர்களே. அவர்களுள் பலர்க்கு அயல்மொழியில் தேர்ச்சி இல்லை என்று அக்கால அயல் வணிகர் ஒருமுகமாகக் குறை கூறுகின்றனர். பேரம் பேசும் ஹாங் வணிகர், அவர்தம் கணக்கர், கடைக்காரர், படகோட்டி, சமையலாள் ஆகியோரே மொழியின் உண்மையான மாணவர்கள்.

அவர்கள் கற்ற முறையைப் பற்றிய சுவையான சான்று ஒன்றை வில்லியம் ஹண்டர் தருகிறார். 1825இல் இளைஞராகக் காண்டனுக்கு வந்து அமெரிக்க நிறுவனமொன்றில் பணியாற்றிய அவர், தம் நினைவுகளை 1882இல் நூலாக வெளியிட்டார். 'பேய்ப் பேச்சு' என்ற பொருள்படும் பெயருடைய சிறு சுவடியொன்று தொழிற்கூடங்களை அடுத்த கடைகளில் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டதாகவும், பணியாளரும் கடைக்காரரும் அதனைக் கையில் வைத்துப் பயின்றதாகவும் அவர் எழுதுகிறார். சீனச் சொல் மேலே. அதன் கீழே ஆங்கிலச் சொல்லின் ஒலியை ஒத்த சீன எழுத்துகள். ஆங்கில எழுத்து ஒன்றுகூட இராது. அச்சுவடியை இயற்றிய பெயரறியாச் சீனர் நினைவுகூரத் தக்கவர் என ஹண்டர் பாராட்டுகிறார். பாராட்டில் நகையும் கலந்திருக்கிறது. இவ்வகைச் சுவடிகள் சில இன்றும் நூலகங்களில் உள்ளன. 'செம்மயிரர் பொதுவழக்கு அயற்பேச்சு' என்று பொருள்படும் தலைப்புடையது அவற்றுள் ஒன்று. செம்மயிரர் என்பது முதலில் ஒல்லாந்தரையும் பின்னர் ஆங்கிலேயரையும் குறித்த பெயர். எண்கள், சரக்குகள், உணவுப் பொருள்கள், உறவுமுறைகள் எனச் சில நூறு சொற்களே இவற்றில் அடங்கும்.

ஒலித்திரிபு

சீன எழுத்து ஒலியனைக் குறிப்பதன்று. ஓர் அசையைக் குறிப்பது. எனவே ஆங்கிலச் சொல் எதுவாயினும் அதனைச் சீன அசைகளாக வெட்டித்தான் எழுத முடியும். காண்டனியத்தில் அசை உயிரிலோ, மூக்கொலியிலோ, ப், த், க் ஆகிய வல்லொலிகளிலோ மட்டுமே முடியும்; ஸகரத்தில் முடியாது. சொல்லின் முதலில் அதிர்வுடைய பகரம் இல்லை. ஆங்கிலச் சொல்லின் நடுவிலுள்ள அதிர்வுடைய ஸகரமும் இல்லை. 'பிசினஸ்' என்னும் சொல்லில் இம்மூன்று இடர்களும் ஒருங்கே உள்ளன. முதலெழுத்து அதிர்வற்ற பகரமாயிற்று; நடுவொலி ஜகரத்தை நெருங்கிற்று; ஈற்று ஸகரம் தேய்ந்தது. எஞ்சியது 'பிட்ஜின்'. தற்செயலான சிதைவு எனத் தோன்றும் இம்மாற்றத்தில் ஒவ்வொரு படிக்கும் காண்டனிய ஒலியமைப்பில் காரணம் உண்டு.

ஒலிபெயர்ப்புச் சுவடிகளுக்கு மற்றொரு குறையும் இருந்தது. ஒரே எழுத்தைக் காண்டனில் ஒருவாறும் நிங்போவில் வேறாகவும் பீகிங்கில் இன்னும் வேறாகவும் ஒலிப்பர். ஒரு வட்டாரத்தார்க்கு எழுதியது மற்றவர்க்குப் பயன்படாது. அதனாலேயே ஷாங்காய் வணிகத்தில் நிங்போ வணிகர் செல்வாக்குப் பெற்றபோது, ஃபெங் சேஃபு முதலிய நிங்போ வணிகர் 1860இல் தம் வட்டார ஒலிப்பைக் கொண்டு தனியே ஓர் ஆங்கிலக் கையேடு வெளியிட நேர்ந்தது.

பொருள் விரிவு

ஆங்கிலத்தில் 'பிசினஸ்' என்பதற்கு வணிகம் என்பது ஒரு பொருளே. பணி, பொறுப்பு, ஒருவர்க்கு உரிய காரியம் ஆகிய பொருள்களும் பழமையானவை. 'உனக்கென்ன இதில் வேலை' எனக் கடிந்துரைக்கவும் ஆங்கிலேயர் இச்சொல்லையே ஆள்வர். காண்டனியத்தில் வணிகத்திற்குச் 'சாங்யீ' என்றும், பொதுவாகச் செயல், காரியம் என்பதற்குச் 'சி' என்றும் இருவேறு சொற்கள் உள்ளன. ஆங்கிலச் சொல் இவ்விரண்டின் இடத்தையும் நிரப்பியது. இதுவரை வியப்பில்லை. ஆங்கிலத்தில் இருந்த விரிவே சீனர் வாயிலும் தொடர்ந்தது எனக் கொள்ளலாம்.

ஆனால் பிட்ஜினில் இச்சொல் நின்ற இடம் ஆங்கிலத்திற்கு அயலானது. முன்னே ஒரு பெயரையோ வினையையோ சேர்த்து, பின்னே 'பிட்ஜின்' நிற்கும் கூட்டுச்சொற்கள் பெருகின. தெய்வத்தைக் குறித்த 'ஜாஸ்' என்னும் சொல்லுடன் சேர்ந்து 'ஜாஸ்-பிட்ஜின்' என்றால் சமயம், வழிபாடு. 'ஜாஸ்' என்பது போர்த்துக்கீசியரின் தெய்வப் பெயரிலிருந்து வந்தது. 'ஜாஸ்-பிட்ஜின்-மேன்' என்றால் பூசகர் அல்லது சமயப் பரப்புநர். 'லவ்-பிட்ஜின்' என்றால் காதல். 'லார்ன்-பிட்ஜின்' என்றால் தொழில் பழகும் சிறுவன். வீட்டில் ஊதியமின்றியோ சிறு ஊதியத்திற்கோ இருந்து பணி கற்பவன். 'லுக்-சீ-பிட்ஜின்' என்றால் பிறர் காணச் செய்யும் வெளிப்பகட்டு.

இவ்வமைப்புக்கு முன்மாதிரி சீன மொழியிலேயே உள்ளது. மகிழ்ச்சி என்பதனோடு 'சி' சேர்ந்தால் திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சி. துக்கம் என்பதனோடு சேர்ந்தால் ஈமச் சடங்கு. வீடு என்பதனோடு சேர்ந்தால் குடும்பக் காரியம். நாடு என்பதனோடு சேர்ந்தால் அரசியற் காரியம். 'ஜாஸ்-பிட்ஜின்' முதலியன ஆங்கில உறுப்புகளைச் சீன வார்ப்பில் ஊற்றி எடுத்தவை என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. தமிழில் இவற்றைத் தெய்வ காரியம், காதல் காரியம் எனப் பெயர்த்தால் சிறிதும் செயற்கையாகத் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் அவ்வாறே பெயர்த்தால் நகைப்புக்கிடமாகிறது. நகைப்பு கேட்போரின் மொழியைப் பொறுத்தது.

இதே ஒழுங்கைப் பிற சொற்களிலும் காணலாம். எண்ணுக்கும் பெயருக்கும் இடையே அளவைச்சொல் வருதல் சீன இலக்கணத்தின் இன்றியமையாத கூறு. அவ்விடத்தை நிரப்பப் பிட்ஜினில் 'பீஸ்' என்னும் ஆங்கிலச் சொல் எல்லாவற்றிற்கும் பொதுவாக நின்றது. மனிதரையும் அவ்வாறே எண்ணினர். இதனைக் கேட்ட ஆங்கிலேயர் மனிதரைத் துணித்துண்டாகக் கருதுவதாக எள்ளினர். சீனர்க்கோ அளவைச்சொல் இன்றி எண்ணுவதே குறையுடைய பேச்சு.

சான்றுகளின் தன்மை

இங்கு ஒரு தடை உண்டு. மேற்கூறிய கூட்டுச்சொற்கள் பெரும்பாலும் அயலார் எழுதிவைத்தவை. சீனர் பேசியதையே எழுதினரா, தாம் பேசியதை எழுதினரா, நகைச்சுவைக்காகப் புனைந்தனரா என்பதை ஒவ்வொன்றிலும் பிரித்தறிய வேண்டும். 1876இல் சார்ல்ஸ் லேலண்ட் வெளியிட்ட பிட்ஜின் பாடல் தொகுப்பு, பின்வந்த அகராதிகள் பலவற்றுக்கு மூலமாக அமைந்தது. அது சீனரின் பேச்சைப் போலி செய்து ஆங்கில வாசகரைச் சிரிக்க வைக்க எழுந்த நூல். அதனைச் சொல்வழக்குச் சான்றாக அப்படியே கொள்வது தக்கதன்று.

ஹண்டரின் குறிப்புகள் இதனினும் நம்பத்தக்கவை. ஹாங் வணிகருள் பெருஞ்செல்வரான ஹௌகுவாவிடம் செய்தி கேட்ட நிகழ்ச்சி ஒன்றை அவர் வரைகிறார். மஞ்சளாறு கரையுடைத்துப் பெருகிவிட்டது. அதிகாரி முத்திரையோலை அனுப்பியிருக்கிறார். நாளை வந்து இரண்டு லட்சம் டாலர் கேட்பார். ஐம்பது, அறுபதாயிரம் கொடுத்துப் பார்ப்பேன். மனம் நிறைவடையாவிடில் ஒரு லட்சம். இதுவே உரையாடலின் கருத்து. முத்திரையோலைக்கு ஹௌகுவா ஆண்ட 'சாப்' என்னும் சொல் இந்தி வழிவந்தது. 'லாக்' என்பது நாம் நன்கறிந்த லட்சம். வெள்ள நிவாரணத்தின் பெயரால் வணிகர் கறக்கப்பட்ட கொடிய செய்தி, இந்தியச் சொற்கள் விரவிய உடைந்த ஆங்கிலத்தில், எவ்விதத் தடுமாற்றமும் இன்றிக் கேட்போரைச் சென்றடைகிறது.

சீனர் தரப்பிலிருந்து கிடைக்கும் மிகச் சிறந்த சான்று தாங் திங்ஷு 1862இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கிலக் கற்பிப்பு நூல். ஹாங்காங்கில் மாரிசன் கல்விக் கழகப் பள்ளியில் முறையாக ஆங்கிலம் கற்று, அங்கேயே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, நூல் வெளிவந்த மறு ஆண்டில் ஜார்டின் மாதசன் நிறுவனத்தின் தலைமை முகவரானவர் அவர். இருவகை ஆங்கிலமும் அறிந்த அவர், செவ்விய ஆங்கிலத் தொடர்களைத் தருவதோடு, அவற்றிற்கு ஈடான காண்டன் வழக்குத் தொடர்களையும் உரையாடற் பகுதியில் சேர்த்துக் காட்டினார். நகைப்பதற்காக அன்று, இரண்டையும் வேறுபிரித்து அறிய வேண்டிய சீன வணிகர்க்காக. ஆகவே இந்நூலில் இடம்பெறும் வழக்கே ஆய்வாளர்க்கு முதற்கண் கொள்ளத்தக்கது. ஹாங்காங் மொழியியலாளர் இதனை அண்மைக்காலத்தில் விரிவாக ஆராய்ந்து வருகின்றனர்.

'ஆங்கில' வேடத்தில் தமிழ்ச்சொற்கள்

காண்டனில் ஆங்கிலம் எனச் சீனர் கற்ற சொற்கள் யாவும் இங்கிலாந்தில் பிறந்தவையல்ல. 'காஷ்' என்பது அவற்றுள் ஒன்று. நடுவில் துளையிட்ட சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் அப்பெயரால் அழைத்தனர். தமிழ்க் 'காசு' போர்த்துக்கீசியர் வாயில் 'காய்ஷா' என்றாகி, அவர்வழி ஆங்கிலேயரை அடைந்து காண்டனுக்குச் சென்றது. பணப்பெட்டி என்னும் பொருளிலிருந்து வந்த மற்றொரு 'காஷ்' ஆங்கிலத்தில் உண்டு. இரண்டும் ஒலியொப்புமையால் கலந்துவிட்டன. சீனர் தம் நாணயத்தைத் தம் மொழியில் ஒருபோதும் அவ்வாறு அழைக்கவில்லை. தம் காசுக்கு அயலார் இட்ட பெயரை அயலாரிடமே கற்றுத் திருப்பிச் சொன்னார்கள். அப்பெயரோ சோழமண்டலக் கரையினது.

'கோடவுன்' என்பது மலாய் மொழி வழியாகப் பரவிய சொல். அதன் அடியில் தெலுங்கு 'கிடங்கி', தமிழ்க் 'கிடங்கு' ஆகியவை இருப்பதாக யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' சொற்களஞ்சியம் சுட்டுகிறது. தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த பர்னல் அதன் இணையாசிரியராதலால் தென்னிந்தியச் சொற்களின்பால் அந்நூலுக்குத் தனிக் கவனம் உண்டு. பிட்ஜின் ஆங்கிலத்தை அந்நூல் இழிந்த குழூஉக்குறியாகப் பேசினும், 'பிசினஸ்' திரிந்த கதையைத் தெளிவாகக் கூறுகிறது.

'கூலி' என்பதன் வரலாறு கசப்பானது. அச்சொல் தமிழ்க் கூலியிலிருந்து வந்ததா, குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் கலந்திருத்தல் கூடும். சீனத்தில் அதனை 'கூலீ' என்றே ஒலிபெயர்த்து எழுதினர். அதற்கெனத் தேர்ந்த எழுத்துகள் இரண்டும் முறையே கைப்பு, வலிமை எனப் பொருள்படுபவை. கடுந்துயர் உழைப்பு என்பதே அவற்றின் திரள்பொருள். தமிழில் உழைப்பிற்கு ஈடான ஊதியத்தைக் குறித்த சொல், சீன எழுத்தில் ஊதியத்தை இழந்து துயரத்தைப் பெற்றது. 1847க்கும் 1874க்கும் இடையே ஏறத்தாழ 1,25,000 சீனர் ஒப்பந்தக் கூலிகளாகக் கியூபாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர் என்பதை நினைவிற்கொண்டால் அவ்வெழுத்துத் தேர்வின் பொருத்தம் விளங்கும்.

இச்சொற்கள் காண்டனை அடைந்த வழியும் வெறும் ஊகமன்று. சென்னைக்கும் காண்டனுக்கும் இடையே தனியார் வணிகம் செழித்திருந்தது. சென்னைவாழ் ஆங்கிலேயர் ஹாங் வணிகர்க்கு உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்தனர். கடன் திரும்பாதபோது, 1779இல் கடற்படைத் தளபதி வெர்னன் சென்னையிலிருந்து 'சீஹார்ஸ்' என்னும் போர்க்கப்பலைக் கேப்டன் பான்டன் தலைமையில் காண்டனுக்கு அனுப்பினார். அதனைத் தொடர்ந்து ஹாங் வணிகர் இருவர் நொடித்து, சிங் அரசால் மேற்கெல்லையிலுள்ள இலிக்கு நாடுகடத்தப்பட்டனர். காசும் அதன் பெயரும் ஒரே கப்பல்வழியில் சென்றன.

துறைமுகத்திலிருந்து பள்ளிக்கு

நான்கிங் உடன்படிக்கைக்குப் பின்னர் ஷாங்காய் முதலிய ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. காண்டன் முகவர்கள் அயல் நிறுவனங்களுடன் வடக்கே சென்றனர். அவர்களுடன் பிட்ஜினும் சென்றது. ஷாங்காயில் ஆங்கிலேயர் பகுதிக்கும் பிரெஞ்சியர் பகுதிக்கும் எல்லையாக ஓடிய யாங்ஜிங்பாங் ஓடையின் பெயரால் அது வழங்கலாயிற்று. 1910களின் நடுவில் ஓடை தூர்க்கப்பட்டுச் சாலையாகிவிட்டது. ஆனால் திருத்தமற்ற கலப்பு மொழி எதனையும் சீனர் இன்றும் யாங்ஜிங்பாங் என்றே கூறுகின்றனர்.

இதற்கிடையே முறைசார்ந்த கல்வியும் வளர்ந்தது. ராபர்ட் மாரிசன் மலாக்கா ஆங்கிலோ-சீனக் கல்லூரி மாணவர்க்காக 1823இல் ஆங்கில இலக்கண நூலொன்றை வெளியிட்டார். ராபர்ட் தாம் 1843இல் வணிகர்க்கான சொற்கோவை ஒன்றைத் தந்தார். 1862இல் பீகிங்கில் அரசின் மொழிப்பள்ளி தொடங்கப்பட்டது. தாங் திங்ஷுவின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டு. பள்ளி பெருகப் பெருகப் பிட்ஜின் பணியாளர் மொழியாகத் தாழ்ந்தது. அதனைப் பேசுவது கல்வியின்மையின் அடையாளமாயிற்று. 1930களில் லின் யூதாங், ஆங்கிலக் கட்டுரையொன்றில் பாதி விளையாட்டாகவும் பாதி வினையாகவும் அதற்காக வழக்காடினார். அப்போது அது ஏற்கெனவே நலிந்திருந்தது. 1944இல் ராபர்ட் ஹால் அதன் இலக்கணத்தை ஆய்விதழில் வெளியிட்டார்.

மொழி மறைந்தபோதும் சொல் மறையவில்லை. 'அது என் பிட்ஜின் அன்று' என்று காண்டனில் கூறியதை ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அது என் பொறுப்பன்று என்பது பொருள். இங்கிலாந்தில் அதன் மூலம் மறக்கப்பட்டு, ஒலியொப்புமையால் புறாவைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளைப் பெற்றது. இன்று அத்தொடரை ஆங்கில அகராதியில் காணும் சீன மாணவர், புறாவுக்கும் பொறுப்புக்கும் உள்ள தொடர்பு யாதென மயங்கக் கூடும். அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பில் விடை இருக்கிறது: 'பிசினஸ்' என்பதன் சீன ஒலிப்பு.